பாவாடை அண்ணனின் நாற்காலி

அன்பு மகள் ஷாஸியாவுக்கு அம்மா எழுதுவது.

அந்தப் பொம்மைகளை யார் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று போனில் கேட்டாய், அதற்கு என்னிடம் பதில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சலாம் சொல்லி நலம் விசாரித்து முடிப்பதற்குள் நீ பொறுமையில்லாமல் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவாய். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் இங்கே சுகம், அந்தக் குளிர் ஊரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் துஆ. அத்தாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனாலும் கடையில் ஸ்டூலில் ஏறி பெயிண்ட் டப்பா எடுப்பதை மட்டும் விடமாட்டேன் என்கிறார், நீ சொன்னால் கேட்பார். திட்டக்குடி மாமா மகளுக்கு நிக்காஹ் தேதி வைத்துவிட்டார்கள், உன்னால் வர முடியாது என்று நானே சொல்லிவிட்டேன், நீ ஒரு போன் மட்டும் செய்துவிடு. ஐப்பசி மழை இந்த வருஷம் சரியாகப் பிடித்துக்கொண்டது, செராமிக் பேட்டையில் பொம்மைச் சூளைகள் பக்கம் ரோடெல்லாம் வெள்ளைக் களிமண் கரைந்து பால் கொட்டியது மாதிரி கிடக்கிறது.

பொம்மை விஷயத்தைப் போனில் சொன்னால் பக்கத்தில் அத்தா சிரிக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். நம் கிளை நூலகத்தில் பாவாடை அண்ணன் உட்காரும் நாற்காலி உனக்கு ஞாபகம் இருக்கும், "அமைதி காக்கவும்" என்ற போர்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி பேப்பர் படிப்பாரே. சூளையில் வேலை செய்து புகையில் தொண்டை கட்டிப்போன குரல். நீ பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அவர் சத்தத்தில் கணக்கு வரவில்லை என்று அழுதாய், பிறகு அவர் சத்தம் இல்லாத நாளில் கணக்கு வரவில்லை என்றாய். அவரைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. நம் அப்துல் மாலிக் அண்ணன் குர்ஆனை அழகாக ஓதுவார், ஷார்ஜாவில் பாதி ஆயுளைக் கழித்தவர், ஆனால் தமிழில் ஒரு வரி படிக்க வராது. நெல் விலை, மின் தடை அறிவிப்பு, யாருக்கு என்ன உதவித்தொகை, எந்த ரேஷன் கார்டை மாற்ற வேண்டும், எல்லாம் பாவாடை அண்ணன் வாயால்தான் அவர்களுக்குப் போனது. கொளஞ்சியம்மாள் விதவை உதவித்தொகைக்கு மனுப் போட்டதுகூட அவர் படித்ததைக் கேட்டுத்தான். நூலகத்தில் சத்தம் போடலாமா என்று வாசகர் வட்டத் தலைவி என்ற முறையில் ஒருமுறை நானே கேட்டேன். "நீங்க கண்ணால படிக்கிறீங்க, இவுங்க காதால படிக்கிறாங்க, ரெண்டு பேருக்கும் ஒரே பேப்பர்தாங்களே" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஆடி மாதம் அவர் இறந்துபோனார் என்று உனக்குத் தெரியும். அதன் பிறகு அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை, உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அந்த நாற்காலிக்கு எதிரே மேசைமேல் ஒரு பொம்மை இருந்தது. சாண் உயரம், ஒருமுறை சுட்டு மெருகு பூசாத வெள்ளை மண். ஓர் ஆள் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பேப்பர் பிடித்த மாதிரி விரித்திருக்கிறார், கையில் பேப்பர் இல்லை, முகத்தில் கண் மூக்கு எதுவும் இல்லை. பேட்டையில் யாரோ அவர் மேலுள்ள பிரியத்தில் செய்து வைத்திருக்கிறார்கள் என்று எல்லோருமே சந்தோஷப்பட்டோம். தொட்டால் சூடாக இருக்கிறது என்று நூலகர் நந்தகுமார் சொன்னான். ஜன்னல் வெயில் என்றேன் நான். அந்த ஜன்னல் வடக்குப் பார்த்தது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் மாலிக் அண்ணன் இடத்தில் ஒன்று வந்தது. தலையில் தொப்பி. அவர் அதைப் பார்த்துவிட்டு "என்னைய செஞ்சவன் தொந்திய கொறச்சிட்டானே, நல்ல மனுசன்" என்று சிரித்தார், அந்த வாரமே நெஞ்சுவலி வந்து பாண்டிச்சேரிக்குக் கொண்டு போனார்கள். அடுத்தது கொளஞ்சியம்மாள் இடத்தில், முழங்கால்மேல் கையை ஊன்றி அவள் உட்காருகிற அதே உட்காரல். அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய்ப் படுக்கையில் இருக்கிறாள். வயதானவர்களுக்கு நெஞ்சுவலி வருவதும் மழைக்காலத்தில் வழுக்கி விழுவதும் அதிசயம் இல்லை, நான் எம்.எஸ்ஸி. படித்தவள், இரண்டு சம்பவத்தை வைத்து முடிவு எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், எல்லோரிடமும் அதைத்தான் சொன்னேன். எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள், மறுநாள் முதல் வரவில்லை.

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன், நந்தகுமார் மேலேயே சந்தேகம் வந்தது. அத்தா கடையிலிருந்து புதுப் பூட்டு எடுத்துப்போய் நானே மாட்டி, சாவியை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். காலையில் நானே திறந்தேன். காவியா உட்காரும் இடத்தில் ஒன்று இருந்தது. ஒரு காலை மடித்துப் போட்டு, பின்னலை முன்னால் தொங்கவிட்டு. சாவி என்னிடம்தான் இருந்தது ஷாஸியா. ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை.

காவியா யார் என்று சொல்லவில்லையே. பேட்டையில் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிற அம்சவல்லியின் பெண், குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிறாள், நீ உட்கார்ந்த அதே ஜன்னலோர மூலையில்தான் உட்காருவாள். அவர்கள் வீடு ஒரே அறை, நடுவில் எப்போதும் காயவைத்த பொம்மைகள், படிக்கிற பிள்ளைக்குக் கால் நீட்ட இடமில்லை. அம்சவல்லி வந்து அந்தப் பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அச்சில் வார்த்த பொம்மைக்கு இரண்டு பக்கமும் ஒட்டுத் தழும்பு இருக்கும், இதில் இல்லை, பேட்டையில் யார் கை வேலையும் இப்படி இருக்காது என்று மட்டும் சொல்லிவிட்டு அதைக் கீழே வைத்தாள். "அக்கா, நீங்க படிச்சவங்க, நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். எனக்கு ஒரே பொண்ணு, நான் தப்பாவே இருந்துட்டுப் போறேன்" என்று பெண்ணின் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பெண் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை, பீஸ் கட்ட முடியாமல் காலேஜ் நின்றுவிடுமோ என்ற வாரத்தில் நீ பார்த்தது.

இதில் அவசரம் என்னவென்றால், ஆள் வராத கிளையை எதற்கு நடத்துவது, பெரிய நூலகத்தோடு சேர்த்துவிடலாம் என்று மாவட்டத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. நாளைக்குக் காலை அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். பெரிய நூலகம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பேட்டையில் வேலை முடித்துக் களிமண் காலோடு வருகிறவர்கள் ரயில்வே கேட்டைத் தாண்டி அங்கே போக மாட்டார்கள், போனாலும் சத்தமாகப் படிக்க அங்கே யாரும் விடப்போவதில்லை. இங்கே இந்தப் பத்து நாற்காலி போனால் போனதுதான். நாளைக்கு அவர் வரும்போது அங்கே நானும் நந்தகுமாரும் நான்கு பொம்மைகளும் மட்டும் இருந்தால் அவர் என்ன எழுதுவார் என்று உனக்கே தெரியும்.

அதனால் இன்று ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. ஒருவர் இடத்தில் மட்டும் பொம்மை இருப்பதால்தானே பயம், எல்லோர் இடத்திலும் இருந்தால் எதற்குப் பயப்படுவது என்று யோசித்தேன். கொலுவுக்கு விற்காமல் மிஞ்சிய செட்டியார் பொம்மைகள் அம்சவல்லி வேலை செய்யும் இடத்தில் கிடந்தன, வர்ணம் பூசாத வெள்ளைச் செட்டியார்கள், தொந்தியும் சிரிப்புமாக. அவளையே கேட்டு ஒரு கோணி நிறைய வாங்கிவந்தேன். அவள் கொடுக்கும்போது "இது எதுக்குக்கா" என்றாள், சொன்னேன், கோணியின் வாயை அவளே இழுத்துக் கட்டிக் கொடுத்தாள். அத்தா பார்த்துவிட்டு "என்ன கமரு, இந்த வருஷம் நம்ம வூட்டுல கொலுவா, சுண்டல் உண்டா" என்றார். சாயங்காலம் போய், பொம்மை வராத ஒவ்வொரு நாற்காலிக்கு எதிரிலும் ஒரு செட்டியாரை வைத்தேன், என் இடத்திலும் ஒன்று. இதுவரை எனக்கு மட்டும் யாரும் செய்து வைக்கவில்லையே என்று உள்ளூர ஒரு சின்ன வருத்தமும் இருந்தது, அதை அத்தாவிடம் சொல்லிவிடாதே. ரோட்டில் போகிறவர்கள் பார்த்துச் சிரிக்கட்டும் என்று செட்டியார்கள், பழைய பொம்மைகள் எல்லாவற்றையும் வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். பூட்டும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன், கல்யாணப் பந்திக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சாவி இப்போதும் இந்தக் காகிதத்தின் பக்கத்தில்தான் இருக்கிறது.

நான் இதை எல்லாம் நம்புகிறேனா என்று நீ அடுத்துக் கேட்பாய். பொம்மை ஆளைக் கொல்லும் என்று நம்பவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகும் அந்த அறையில் யாரோ கேட்பதற்கு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு அமைதி இருக்கிறது, அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு, பிரெட்டிலேயே காலத்தை ஓட்டாதே. அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயை ஈரக் கரண்டி போட்டு எடுக்காதே. ராத்திரி டூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே, டாக்ஸிக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். அங்கே உன் தெருவில் ஒரு நூலகம் இருக்கிறது என்றாயே, லீவு நாளில் போய் அரை மணி நேரம் சும்மாவாவது உட்கார்ந்துவிட்டு வா, தெரியாத ஊரில் யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்காத இடம் அது ஒன்றுதான். மாமா மகளுக்குப் போன் செய்ய மறக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல உடம்பும் மனசுக்கு நிம்மதியும் தரட்டும், நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடட்டும்.

உன் அம்மா,
கமருன்னிசா

நேற்றே ஒட்டி அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பவில்லை. இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் நல்ல மழை. நானே போய்த் திறந்தேன், பூட்டு நான் பூட்டியபடியே இருந்தது. பொம்மைகள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன, ஒன்றுகூட நகரவில்லை. ஆனால் வாசலைப் பார்க்கவில்லை. தொப்பிக்காரரும் பின்னல்காரியும் செட்டியார்களும் எல்லோரும் பாவாடை அண்ணன் நாற்காலிப் பக்கம் திரும்பியிருந்தார்கள். அவர் பொம்மை மட்டும் அவர்களைப் பார்த்து இருந்தது. நந்தகுமார் வாசலிலேயே நின்றுவிட்டான், "மேடம், நான் திருப்பலைங்க, சத்தியமா" என்றான். நான் கேட்கவே இல்லை.

என்ன செய்வது என்று தெரியவில்லை. அத்தனை பேரும் ஒரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது நின்றுகொண்டிருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பேப்பரை விரிக்க இடம் வேண்டும் என்று அவர் பொம்மையை எடுத்தேன். அது சூடாக இருந்தது, சூளையிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் ஆன மாதிரி. வெளியே மழை, வெயில் இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு பேப்பரை எடுத்து முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தேன். என் குரல் உனக்குத் தெரியும், பாடம் எடுத்த வகுப்பில்கூட மூன்றாம் வரிசைக்குக் கேட்காது. என் இடத்துச் செட்டியார் எதிரே இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் மாலிக் அண்ணன் வந்தார், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும், குடையோடு, பின்னால் மருமகள் திட்டிக்கொண்டே. "ஆஸ்பத்திரியில நெல்லு வெல சொல்ல ஒருத்தனும் இல்லம்மா, நிறுத்தாம படி" என்று தன் இடத்தில் உட்கார்ந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, "இத்தினி பேருக்கும் தொந்தி வச்சிருக்கானே" என்றார். செட்டியார்கள் விஷயம் அதற்குள் பேட்டையில் பரவியிருக்க வேண்டும், வாசலில் ஒவ்வொரு ஜோடியாகச் செருப்பு சேர்ந்தது. பொம்மைகள் திரும்பியிருப்பதைப் பார்த்தார்கள், அவையும் கேட்கத்தான் வந்திருக்கின்றன என்பது போல ஓரமாக நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அம்சவல்லி காவியாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "எல்லாருக்கும் இருக்குதுன்னா யாருக்கும் இல்லன்னுதானக்கா ஆவுது" என்றாள், பாதி என்னிடம், பாதி அந்த அறையிடம். காவியா மூலையில் உட்கார்ந்து காலை மடித்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தாள்.

அதிகாரி வந்தபோது அவருக்கு நாற்காலி இல்லை. பீரோவில் சாய்ந்து நின்று, நான் மின் தடை அறிவிப்பு முழுவதையும் படித்து முடிக்கும் வரை கேட்டார். "இங்க சத்தமா படிக்கலாமா" என்று போர்டைக் காட்டினார். மாலிக் அண்ணன் "அந்த போர்ட எங்களுக்கு யாரும் படிச்சுக் காட்டலைங்க சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். கிளை இங்கேயே இருக்கும் என்று எழுதுகிறேன் என்று நந்தகுமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மழை விட்டு எல்லோரும் கிளம்பிய பிறகுதான் மடியைப் பார்த்தேன். பொம்மை ஆறிப்போயிருந்தது. எப்போது ஆறியது என்று எனக்குத் தெரியாது.