ஊதுபத்தி உறையில் ஒரு முகம்

ஆடி மூன்றாம் வெள்ளி, இரவு

திருவேற்காட்டில் இன்று அம்மனைத் தரிசித்துவிட்டு வெளியே வந்தேன். காலடியில் அவள் முகம் கிடந்தது. பூந்தமல்லி பாய் விற்கும் ஊதுபத்திக்கு நான் வரைந்து கொடுத்த படம். பத்தியை உருவிக்கொண்டு உறையைக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள். மூக்குத்தியின்மேல் வண்டிச் சக்கரத்துச் சேறு. அகப்பட்டதையெல்லாம் முந்தானையில் பொறுக்கிக்கொண்டு நேரே பாய் கடைக்குப் போனேன்.

"முகத்த எடுத்துடலாம் பாய்."

"அம்மன் மூஞ்சி இல்லாத பத்திய எவன் வாங்குவான் தங்கச்சி? என் மூஞ்சியப் போடட்டா?" என்று தாடியைத் தடவினார். "காலீல அடுத்த உறை அச்சாபீசுக்குப் போவணும். அதுக்குள்ள வேற கொண்டா. இல்லாங்காட்டி இதான்."

சாயங்காலம் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தாமரை வரைந்தேன், விளக்கு வரைந்தேன். மனசு ஒட்டவில்லை. அப்போது எதிர்வீட்டு கிராமபோனில் நாகஸ்வரத் தட்டு சுழல ஆரம்பித்தது. நாயனம் கேட்டால் என் கை என் பேச்சைக் கேட்பதில்லை. ராகம் நீண்ட இடத்தில் கோடு நீண்டது, குழைந்த இடத்தில் குழைந்தது. தட்டு நின்றபோது தாளில் ஒற்றை ஊதுபத்தியும், மேலே போகும் புகையும் மட்டும் இருந்தன. முகம் நான் வரையவேயில்லை.

சாப்பிட உட்கார்ந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மே, பொகைக்குள்ள ஆத்தா நின்னுகினு கீறா?"

எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. பொறுக்கி வந்த முகங்களைத் துடைத்து சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை பாய் கண்ணுக்கும் அவள் தெரிந்துவிட்டால் போதும். புகையை யார் மிதித்தாலும் அவளுக்கு நோகாது.