எந்தக் கோயிலடி?

யூன் 4, வியாழன்

குளிர். வெயில் பெயருக்குத்தான். வாங்க: பால், முழங்கால் களிம்பு, குசினிக்கு பல்ப்.

பிளாக்டவுன் நூலகத்தில் ஸ்பெயின் சரித்திர வகுப்பு. எட்டுப் பேர், தமிழ் நான் மட்டும். ஒரு காலத்தில் தொலேதோ நகரத்தில் கிறிஸ்தவர், யூதர், முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே சந்தையில் சாமான் வாங்கியிருக்கிறார்கள். பிறகு யூதருக்கும் முஸ்லிம்களுக்கும் வற்புறுத்தி ஞானஸ்நானம். அதுவும் காணாதாம், இரத்தம் சுத்தமா என்று அதற்குமேல் விசாரணை. ஊரில் வயதுபோன ஆட்களைக் கூப்பிட்டு, பெயர், வயது, பிறந்த இடம் எழுதிவிட்டு, மதம் மாறிய இவனுடைய அப்பப்பா யார், எந்த இடம் என்று கேள்வி. அவர்கள் வாய் திறந்தால் ஒருவனுக்கு வேலை போகும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையைத் தூக்கி, தண்ணீர் ஊற்றினால் எல்லாரும் ஒன்றுதானே என்று என் இங்கிலீசில் சொன்னேன். ரீச்சர் தலையாட்டினா. பெருமைதான். வீட்டுக்கு வந்து சொல்ல ஆளில்லை.

இரண்டு கிழமைக்குள் எழுதவேண்டிய வீட்டுவேலை: அந்தக் காலத்துச் சாட்சி ஒருவரின் வாக்குமூலம், கற்பனையாக.

யூன் 6, சனி

மழை. உடுப்புக் காயவில்லை. திங்களுக்குப் பிறகு ஒரு போன் இல்லை. மருந்துக்கடை மெசேஜ் கணக்கில் இல்லை.

மூன்று மணிக்கு மெற்றில்டாவின் போன், குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து! மன்னாரில் என்னோடு படித்தவள். இரண்டு வருடமாக எடுக்காதவள். பள்ளிக்கூடம், சிஸ்டர்மார், ஒழுகுகிற வகுப்பு. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

பிறகு கேட்டாள். "உன்னை ஞாயிறில பூசைக்கு ஏத்திக்கொண்டு போறாளே ஜெனி, வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில நேர்ஸ், அவளும் எங்கட மகனும் விருப்பமாம். பிள்ளை எப்பிடி?"

"தங்கமான பிள்ளையடி."

"அவையள் ஊரில எந்தக் கோயிலடி?"

"சின்னக் கோயிலடி. அவளின்ர அப்பப்பாவை எனக்கு நல்லாத் தெரியும், திருநாளுக்கு மணி அடிக்கிறவர்…"

"ஓ. சரி. அடுப்பில கறி இருக்கு. வைக்கிறன், என்ன."

வைத்த பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் சாதியை வாய்விட்டுக் கேட்பதில்லை, எந்தக் கோயிலடி என்றுதான் கேட்பது. பெரிய கோயிலில் இடம் கொடுக்காததால்தான் அந்தச் சனம் சின்னக் கோயிலைக் கட்டியது. சின்ன வயதிலிருந்தே தெரிந்த கேள்வி. கதைக்க ஒரு ஆள் கிடைத்த சந்தோசப் புளுகத்தில் கொட்டிவிட்டேன். மடைச்சி.

யூன் 8, திங்கள்

லீவு நாள். ரோட்டில் சனமில்லை.

மெற்றில்டாவுக்கு ஆறு தரம் அடித்தேன். எடுக்கவில்லை. "பிள்ளையைப் பார், கோயிலைப் பாராதே" என்று மெசேஜ் போட்டேன். நீலக் கோடு விழுந்தது. வாசித்துவிட்டாள்.

சோறு இன்றும் கூடிப்போய்விட்டது. இவ்வளவு காலமாகியும் ஒரு ஆளுக்கு அளந்து போட வரவில்லை.

யூன் 14, ஞாயிறு

காற்று. ஜெனி வழக்கம்போல் எட்டரைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. கார் ஹீற்றரை என் காலுக்குத் திருப்பிவிட்டாள்.

"அவர் போன் எடுக்கிறேல்ல, அன்ரி. அவரின்ர அம்மா விடமாட்டாவாம். ஆரோ ஊர் ஆக்கள் எங்கட குடும்பத்தைப் பற்றிச் சொல்லிப்போட்டினமாம். ஹூ டஸ் தட்?"

சிவப்பு விளக்கு. நான்தான் பிள்ளை என்றேன். மெற்றில்டா கேட்டது, நான் சொன்னது, எல்லாம்.

கோயில் வாசலில் இறக்கிவிட்டாள், உள்ளே வரவில்லை. பூசை முடிந்து பார்த்தேன், கார் இல்லை. பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம் நின்றேன்.

வியாழன் வகுப்புக்கு எழுதியது:

பெயர் றோஸ்மேரி. வயது அறுபத்தேழு. பிறந்த இடம் மன்னார். பிள்ளையின் அப்பப்பாவைத் தெரியும். என்னை ஒருவரும் வற்புறுத்தவில்லை. போன் வந்த சந்தோசத்தில் சொன்னேன்.