முழு சார்ஜில் நின்ற ஸ்கூட்டர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் என் தையல் மெஷினும் நலம். அங்கே நீயும் நீ காவல் காக்கும் பேட்டரிகளும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லக்கூடிய விஷயம்தான், ஆனால் போனில் நான் ஆரம்பித்தால் நீ குறுக்கே புகுந்து பாடம் எடுப்பாய், கடிதம் என்றால் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும்.

கீழ் வீட்டு அக்கா காலி செய்துவிட்டு, தன் மகன் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். அவர் பாத்திரம் உருட்டும் சத்தத்தைப் பற்றி உன்னிடம் எத்தனை தடவை குறைப்பட்டிருப்பேன், இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் தைக்கிறேன், அதில் யாராவது சிரித்தால் நானும் சிரிக்கிறேன். சாப்பாடெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். நீதான் ஆய்வுக்கூடத்தில் நின்றபடியே பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, சாப்பிட்டாச்சு என்று என்னிடம் கதை விடுகிறாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ வாங்கிக்கொடுத்த பேட்டரி ஸ்கூட்டர் படுத்துவிட்டது. புதிதில் ஊரையே சுற்றி வந்த வண்டி, போன வாரம் அதிசயமாக வெளியே எடுத்தேன், துணிக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் நடுரோட்டில் நின்றுவிட்டது. மெக்கானிக் தம்பி பார்த்துவிட்டு, ரொம்ப ஓட்டுவீங்களாம்மா என்று கேட்டான். ஓட்டவே மாட்டேன், எப்போதும் முழு சார்ஜ் போட்டு மூடி வைத்திருப்பேன் என்று பெருமையாகச் சொன்னேன். அதனாலதாம்மா போச்சு, ஃபுல் சார்ஜோட சூடான ஷெட்டுல நின்னா சும்மா இருந்தே கெட்டுப்போகும், பாதியில வச்சு அப்பப்ப ஓட்டணும் என்றான். பிறகு, பொண்ணு என்ன வேலை பாக்குறாங்க என்று கேட்டானே பார்க்கலாம்! பஸ் பேட்டரிக்குச் சீக்கிரம் வயசாகாமல் இருக்க ஆராய்ச்சி செய்கிறாள் என்று எந்த முகத்தோடு சொல்வேன்? டீச்சர் வேலை என்று சொல்லிவிட்டேன்.

சும்மா வைத்த பேட்டரிக்கும் வயசாகும் என்று நீயும் ஒரு நாள் சொன்னாய். அது உன் பஸ்ஸுக்கு, நம் வண்டிக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நான் ஏன் அப்படி வைத்திருந்தேன் என்று கேள். நீ வருகிறேன் என்னும் போதெல்லாம் ஸ்டேஷனிலிருந்து உன்னை அழைத்துவர முழுசாக சார்ஜ் ஏற்றி வைப்பேன். நீ கடைசி நேரத்தில், டெஸ்ட் பாதியில ஓடுதும்மா, நிறுத்தினா மறுபடி முதல்லேருந்து தொடங்கணும், அடுத்த தடவை வரேன் என்பாய். அடுத்த தடவைக்கு இருக்கட்டும் என்று வண்டியைத் தொடாமல் கடைக்கு நடந்தே போவேன். உன் மேல் கோபம் இல்லை. பொய், கொஞ்சம் இருக்கிறது. தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது கண்ணு, இதை உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

உடனே புது பேட்டரி அனுப்புகிறேன் என்று கிளம்பாதே, வேண்டாம். கூட வேலை செய்கிறவர்கள் யாரிடமாவது அந்த டெஸ்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீ வா. உன் வேலை கைகூடட்டும், உன் பேட்டரியில் பஸ்கள் புகையில்லாமல் வெகுகாலம் ஓடட்டும், நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். டிக்கெட் எடுத்ததும் மறக்காமல் சொல். வண்டியில்தான் வருவேன். ஸ்டேஷன் வரை வந்து சேர அதற்குத் தெம்பு இருக்கிறது. திரும்பி வரும்போது தள்ளத்தான் வேண்டும், தனியாக என்னால் முடியாது.

உன் அம்மா