லைசென்ஸ் கேட்காத வண்டி

அக்கா,

இன்றைக்கு மலையடிவாரத்தில், காரவள்ளியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒரு பேட்டரி வண்டி சத்தமே காட்டாமல் பின்னால் வந்து நின்றது. துள்ளிவிட்டேன். ஓட்டி வந்த பெண் சிரித்தாள். எனக்கோ உங்கள் மேல்தான் கோபம் வந்தது. இந்தச் சனியனை நம் பள்ளிக்கு முதலில் கொண்டுவந்தது நீங்கள்தானே!

லைசென்ஸுக்கு எட்டுப் போடப் போய், ஒவ்வொரு முறையும் காலை ஊன்றித் தோற்றவர் நீங்கள். "பின்னாடி உக்கார்றவங்களுக்கு எதுக்குங்க டீச்சர் லைசென்ஸ்?" என்று நம் தலைமையாசிரியர் சிரித்தாரே, அன்றோடு அவர் பைக்கில் ஏறுவதை விட்டுவிட்டீர்கள். மலைமேல் பஸ் நிற்கும் இடத்திலிருந்து அரியூர் நாட்டுப் பள்ளிக்கு நல்ல தூரம். இனி எவரிடமும் "என்னையும் ஏத்திக்கங்க" என்று நிற்கக் கூடாது. உங்களுக்கு அந்த ஒரே வெறி.

நாமக்கல் கடையில் இரண்டு வண்டி காட்டினார்கள். நன்றாக மேடேறும் வண்டிக்கு லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத சின்ன மோட்டார் வண்டிக்கு ஒன்றும் வேண்டாம். "இது மலையில ஏறுமுங்களா?" என்று கடைக்காரரிடம் நான் கேட்டு முடிப்பதற்குள் நீங்கள் அதில் உட்கார்ந்தாயிற்று.

லாரியில் போட்டு மலைக்குக் கொண்டுவந்தோம். பள்ளிக்குப் போகும் முதல் மேட்டிலேயே முனகியது.

"எறங்கு கண்ணு" என்றீர்கள். இறங்கினேன். "தள்ளு" என்றீர்கள். புடவையைச் செருகிக்கொண்டு தள்ளினேன். பாதி மேட்டில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார்.

"லைசென்ஸ் எடுங்கம்மா."

"இதுக்கு வேண்டியதில்லீங்க. மெதுவாப் போற வண்டி. சட்டத்துலயே இருக்குது."

"வேகமாப் போக மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"போய்க் காட்டச் சொல்லுங்க சார், பாக்கலாம்!" என்றேன் நான், மூச்சு வாங்க.

அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "நானும் ஒரு கை புடிக்கட்டுங்களா?" என்றார்.

"வேண்டாமுங்க. என்ற வண்டி, நானே போயிக்குவேன்" என்றீர்கள். நானே! தள்ளுகிறவள் ஒரு ஆளாகவே தெரியவில்லை உங்களுக்கு.

அடுத்த வாரமே என்னை லைசென்ஸ் எடுக்க விரட்டினீர்கள். நான் முதல் தடவையிலேயே எட்டுப் போட்டுவிட்டேன். திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். இறங்கும்போதுதான், "நல்லாத்தான் போட்ட" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கண் கலங்கியிருந்தது.

நீங்கள் போன செய்தி வந்த அன்று, "இந்த நெலமையில தனியா ஓட்ட வேண்டாம், பின்னாடி ஏறும்மா" என்றார் தலைமையாசிரியர். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் ஏறவில்லை. அழுதுகொண்டே, அந்த லைசென்ஸை வைத்து வாங்கிய என் வண்டியில்தான் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். உங்களிடமிருந்து தொற்றிய அந்தத் திமிர் இன்னும் அப்படியே இருக்கிறது அக்கா. "அழுதுட்டு வண்டி ஓட்டாத" என்று திட்டத்தான் ஆளில்லை.