திரையில் நீ நடந்துகொண்டிருந்தாய்

இன்று செவ்வாய், மதியம் ஒன்று பத்து. திரையில் முப்பத்தெட்டுப் பச்சைப் புள்ளிகள், ஆளுக்கு ஒன்று. சாப்பிட்டுவிட்டு அசரும் நேரம் இது, ஒரு புள்ளிகூட நிற்கவில்லை. இந்தப் பச்சையை நான் நம்பவில்லை மச்சான்.

திருமழிசை ஷெட்டில் எல்லோர் இடுப்பிலும் இந்தப் புள்ளிகளை அனுப்பும் டேக்கை மாட்டியவன் நான். ஒரு நிமிடம் ஆள் அசையாவிட்டால் அது கத்தும், இங்கே புள்ளி சிவப்பாகும். நல்ல கருவிதான். ஆனால் சாப்பாட்டு இடைவேளையில் கண் அசந்தாலும் கத்தியது. கத்தினால் விளக்கக் கடிதம். நீ மூன்று எழுதிக் கொடுத்தாய். அப்புறம் ஒருநாள் டேக்கைக் கழற்றி ஸ்டாண்ட் ஃபேனின் தலையில் மாட்டிவிட்டு, அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்தாய். ஃபேன் இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"பாரு மாமே, நான் வாக்கிங் போய்கினு கீறேன். உன் கம்ப்யூட்டரக் கேளு."

"மாட்டினா சீட்டு கிழிஞ்சிடும்டா."

"யாருக்கு, ஃபேனுக்கா?"

எல்லோரும் சிரித்தோம். சில நாளில் அந்த ஃபேனில் ஆறு டேக்குகள் ஆடின.

அப்படி ஒரு மதியம் கழிவுநீர்த் தொட்டியின் மோட்டார் அடைத்துக்கொண்டது. பாதித் தூக்கத்தில் எழுந்து ஓடினாய். டேக் ஃபேனிலேயே இருந்தது. மூடியைத் திறந்து குனிந்திருக்கிறாய். வாயு தாக்கி உள்ளே விழுந்துவிட்டாய்.

உன் மனைவி இந்தக் கண்காணிப்பு அறைக்குத்தான் போன் செய்தாள். "நாலு தபா அடிச்சிட்டேன் சார், எடுக்க மாட்டேங்குது. தூங்கினாக்கூட ரெண்டாவது ரிங்குல எடுத்துடும். யாராச்சும் போய்ப் பாருங்க சார்."

மானேஜர் திரையைப் பார்த்தார். "பச்சையாத்தான்மா இருக்கு. வேலையா இருப்பான்." ஃபேன் விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிந்த நான் அன்று ஆவடி யூனிட்டில் இருந்தேன். உன்னை வெளியே எடுக்கும்வரை திரையில் நீ நடந்துகொண்டிருந்தாய்.

அந்தக் கருவி அசைவை அளக்கிறது. ஆளை அளப்பதில்லை. ஆளை அளந்தவள் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

இப்போது ஃபேனை ஸ்டோரில் பூட்டிவிட்டார்கள். விளக்கக் கடிதம் கேட்பது மட்டும் நிற்கவில்லை. டேக்குகள் வேறு எதிலோ ஆடுகின்றன.

மேஜையில் விசாரணை அறிக்கை. 'கருவியில் குறை இல்லை. தொழிலாளி அதைக் கழற்றியதே காரணம்.' இரண்டு வரியும் பொய்யில்லை, அதுதான் எரிகிறது. ஏன் கழற்றினாய் என்று ஒரு வரி இல்லை. டேக்கை மாட்டியவன் என்ற முறையில் ஐந்து மணிக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். காலையில் கேட்டில் உன் மனைவி மறித்தாள். "அது சாவுக்கு அதுவேதான் காரணம்னு எழுதிக்கிறாங்களாமே. புள்ளைங்க கைல நான் இன்னாண்ணா சொல்றது?"

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே:

1. கையெழுத்துப் போடமாட்டேன்.

2. ஃபேன், விளக்கக் கடிதம், அவள் செய்த போன், மூன்றையும் தொழிற்சாலை ஆய்வாளரிடம் சொல்வேன். வேலை போகும். போகட்டும்.

3. அதற்கெல்லாம் முன்னால், இப்போதே ஷெட்டுக்குள் போகிறேன். ஒவ்வொருவனையும் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். தூக்கம் கலைந்து அவன் வாயைத் திறந்து என்னைத் திட்டும்வரை அடுத்தவனிடம் நகரமாட்டேன்.