அமைச்சருக்கு நிரப்பிய ஊசி

அன்புத் தங்கச்சிக்கு,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பாப்பாவுக்குச் சளி விட்டதா?

நேற்று டிவியில் அமைச்சர் எங்கள் புது மருந்தைப் போட்டுக்கொண்டதைப் பார்த்திருப்பாய். "அமைச்சரே போட்டுக்கிட்டார், நமக்கென்ன பயம்?" என்று மாப்பிள்ளை குதித்திருப்பார். அந்த மருந்துச் சோதனைக்குப் பெயர் கொடுத்தவராயிற்றே!

அந்த ஊசியை நிரப்பியவன் நான். சோதனைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். புட்டியில் எண் மட்டும்தான் இருக்கும். எது எதுவென்று எனக்கே தெரியாது. நேற்று மட்டும் பெரிய டாக்டர் பக்கத்திலேயே நின்றார்.

"இதுக்கு நம்பரெல்லாம் வேண்டாம்பா. உப்புத்தண்ணியே போடு."

"ஏன் சார்?"

"அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அமைச்சருக்கு வயதாகிவிட்டது, அதனால் இருக்கலாம். ஆனால் முதல் ஊசி போட்டுக்கொண்டு போன மாதம் திரும்பி வராத நான்கு பேரை, 'சொந்த விருப்பத்தில் விலகினர்' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பிறகு ஒருவர் வீட்டுக்குப் போன் செய்தேன். போனை எடுத்த அவர் மனைவி அழுதார். அழுகைக்கிடையே சொன்னதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வியாழக்கிழமை ஊசிக்கு மாப்பிள்ளையை அனுப்பாதே. சண்டை போட்டாவது நிறுத்து.

அன்றைய பட்டியலில் நாற்பது பேர். மற்ற முப்பத்தொன்பது முகவரியும் என் மேசையில் இருக்கிறது. அவர்களுக்கு என்ன உறவுமுறை சொல்லிக் கடிதத்தை ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

உன் அண்ணன்