பூசணியும் பார்க் பலகையும்

ஜனவரி 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து பார்க் வழியாக நடந்து வந்தோம். அதைப் பார்க் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. இடுப்பளவு புல், உடைந்த பெஞ்சு இரண்டு, யாருடையது என்று தெரியாத ஒரு மாடு. "உன் பார்க்குல மாடு நல்லா கொழுத்திருக்கு" என்றார் ஏசுதாஸ். (வீட்டுக்காரர் பெயரை இங்கே தாராளமாக எழுதலாம், கேட்க ஆளில்லை.) அதைச் சீராக்கச் சொல்லி மூன்று மாதமாகப் பஞ்சாயத்து மெம்பர் சிவசங்கரியின் பின்னால் அலைவதால் அது என் பார்க் ஆகிவிட்டது. ஆகட்டுமே!

ஜனவரி 17, வெள்ளி

பஞ்சாயத்துக் கூட்டம். பார்க்கைச் சீராக்கும் செலவில் பாதியைப் பஞ்சாயத்து போடுமாம், மீதிப் பாதி ஊர் போட வேண்டுமாம். வளைவில் இருக்கும் ரிசார்ட்டின் மேனேஜர் லிபின் எழுந்து, அந்தப் பாதியை நாங்களே தருகிறோம் என்றார். எனக்குக் கைதட்டத் தோன்றியது. அப்புறம்தான் மிச்சத்தைச் சொன்னார். கேட்டில் ரிசார்ட் பெயர், பராமரிப்புக்காக ஆளுக்கு இருபது ரூபாய் டிக்கெட்.

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் என் பக்கத்து லயத்து வரிசை வீட்டுக் குருவம்மாள் எழுந்தாள். "கொழுந்து எடுத்துட்டு வந்து செத்த நேரம் உக்கார இருபது ரூவாயா சார்?"

மெம்பர் நல்ல மனுஷி. பிப்ரவரி முடிவதற்குள் ஊர்ப்பங்கை நீங்களே சேர்த்துவிட்டால் டிக்கெட் கிடையாது என்று சொல்லிவிட்டார். பணம் சேர்க்கும் கமிட்டிக்குச் செயலாளர் யார்? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் திரும்பி என் பின்னால் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

ஜனவரி 18

ஏன் இதில் போய் மாட்டிக்கொண்டேன்? தேயிலை ஃபேக்டரியில் எட்டு மணி நேரம் நிற்கிறேன். வீட்டுக்கு வந்தால் ஒரு அறை, ஒரு அடுப்படி, நாலு பேர். வாசலில் உட்கார்ந்தால் கால் ரோட்டில் இருக்கும். எனக்கு உட்கார ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான், பெரிய லட்சியமெல்லாம் இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

வழி கிடைத்துவிட்டது! அறுப்பின் பண்டிகையில் எங்கள் சபையில் நடக்கிற மாதிரி ஏலம். அங்கே ஒரு பூசணிக்காய் ஆறு தடவை விலை போகும். எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார், திரும்பக் கொடுப்பார், மறுபடி ஏலம் விடுவார்கள், ஒவ்வொரு தடவையும் பணம் சேரும். ஏலம் கூவுவது எப்போதும் ஏசுதாஸ்தான். அந்தத் தொண்டை கடைசியில் என் காரியத்துக்கும் உதவப்போகிறது.

மெம்பர் ஒன்று சேர்த்தார்: பார்க்குக்குப் பெயர் வைக்கும் உரிமையும் ஏலத்தில் வரட்டும், ரிசார்ட்காரர் எடுத்தால் நல்ல தொகை வரும். மற்றவர்கள் சரி என்றார்கள். நானும் சரி என்றேன், ஆனால் மனசில்லாமல். ரிசார்ட் பெயர் மாட்டின கேட்டை எங்கள் லயத்து ஆட்கள் தாண்டவே மாட்டார்கள். டிக்கெட்டே இல்லாவிட்டாலும் தாண்ட மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 8

ஐந்து லயத்திலிருந்தும் பொருள் வருகிறது. வீட்டுக்குள் மூன்று சேவல். தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. வரிசையாக எழுத முயற்சி செய்கிறேன்.

முதல் பூசணியை எடுத்தது லிபின். ஆயிரம் ரூபாய். எடுத்ததும் அதைத் தூக்கிக்கொண்டு நேரே காருக்குப் போய்விட்டார்! பாவம், எர்ணாகுளத்து மனிதருக்கு எப்படித் தெரியும்? யாரோ ஓடிப்போய் விஷயத்தைச் சொல்ல, முகம் சிவந்து, பூசணியைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துத் திரும்பக் கொண்டுவந்தார். அப்போது கிளம்பியது பாருங்கள் கைதட்டல்! ஏசுதாஸ் அவருக்கு ஒரு துண்டு போர்த்தினார். அதன் பிறகு லிபினைப் பிடிக்க முடியவில்லை. பூண்டு எடுத்தார், கொடுத்தார். சேவல் எடுத்தார், கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

கடைசியில் பெயர்ப்பலகை, ஒன்றும் எழுதாத வெறும் பலகை. லிபின் நாற்பதாயிரத்துக்குப் போனார். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. மூணு தரம். போச்சு என்று நினைத்தேன்.

மனிதர் பலகையை வாங்கினார், இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார், சிரித்துக்கொண்டே ஏசுதாஸிடம் திரும்பக் கொடுத்துவிட்டார்!

ஏசுதாஸுக்கு இருபது வருஷப் பழக்கம். கைக்கு வந்தால் கூவுவார். "பலகை, ரெண்டாம் ஏலம்!" என் பக்கத்திலிருந்து குருவம்மாள் "நூத்தியொண்ணு" என்றாள். அவளுக்கு மேல் கேட்க எந்த லயத்தில் தைரியம் இருக்கிறது? மூணு தரம்.

பிப்ரவரி 17

சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. நாம் செய்தது சரியா? அந்த மனிதருக்குத் தெரியாது — பூசணியைத்தான் திரும்பக் கொடுக்க வேண்டும், பலகையை இல்லை என்று. "அவராத்தான குடுத்தாரு, நான் புடுங்குனனா?" என்கிறார் ஏசுதாஸ். ஆனால் சோறு இறங்கவில்லை, அவருக்கும்தான். குருவம்மாளிடம் பலகையைத் திருப்பிக் கேட்டேன். எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 18

வேலை விட்டதும் பலகையோடு ரிசார்ட்டுக்குப் போனோம். இது உங்களுடையது, ஏமாந்து கொடுத்துவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டேன். ஐயோ, அழுதே விட்டேன்.

ஏலம் முடிந்து ரிசார்ட்டுக்குத் திரும்பும் வழியில்தான், தான் செய்தது தனக்கே உறைத்ததாம் லிபினுக்கு. வேலை போயிற்று என்றுதான் நினைத்தாராம். அதற்குள் ஏலத்தில் எடுத்த வீடியோவை ரிசார்ட் முதலாளிக்கு யாரோ அனுப்பிவிட்டார்கள்.

"முதலாளி சிரிச்சு, சேச்சி. அந்த ஆள் சிரிச்சு நான் கண்டிட்டே இல்லை. பலகை அவங்ககிட்டயே இருக்கட்டும்னு சொல்லியாச்சு" என்றார் தன் மலையாளத் தமிழில்.

திரும்பி வரும் வழியில் நானும் ஏசுதாஸும் ரோட்டில் ஓடினோம். இந்த வயதில்! பலகை அவர் தலையில்.

மார்ச் 9, ஞாயிறு

பலகை மறுபடி குருவம்மாளிடம். என்ன பெயர் வைக்கப்போகிறாள் என்று ஊரே காத்திருந்தது. அவள் குலசாமி பெயர் என்றார்கள் சிலர், மகன் பெயர் என்றார்கள் சிலர். குருவம்மாள் பெயின்டரிடம் தமிழிலும் மலையாளத்திலும் எழுதச் சொன்னது: "பார்க். டிக்கெட் இல்லை. உள்ளே வாங்க."

மார்ச் 23

ஏலத்திலேயே ஊர்ப்பங்கு சேர்ந்துவிட்டது; பெஞ்சு பன்னிரண்டு வந்து இறங்கியது. சிமெண்டு காயும்வரை யாரும் உட்காரக் கூடாது என்று நானே காவல் நிற்கிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சாயங்காலம் ஆசையாகக் கிளம்பிப் போனேன். பன்னிரண்டு பெஞ்சிலும் ஆள். கொழுந்துக்காரப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி, வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெஞ்சில் லிபின் குடும்பம், கடலை. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் போனார், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். இரண்டு சுற்றுச் சுற்றியும் உட்கார இடமே கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஏசுதாஸிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.